கிளிப்பு நிமிந்துருச்சுங்க

சித்த பொறுங்க, உக்காந்துராதீங்க. அந்த நாற்காலில என்னோட பை இருக்குது, எடுத்துக்கறேன். ம், இப்ப உக்காருங்க. நல்லாச் சாஞ்சே உக்காருங்க. தப்பா எடுத்துக்காதீங்க, இப்பெல்லாம் ஆரு எங்க உக்காந்தாலும் அடியில என்ன இருக்குதுன்னுதான் எனக்குக் கண்ணு போகுது. உக்காரதுக்கு முன்னால ஒருக்கா திரும்பிப் பாக்கற பழக்கம் நம்ம சனத்துக்கு இல்லீங்க. பள்ளிக்கூடத்துலயே சொல்லிக் குடுத்திருக்கோணும். அந்த ஒரு பழக்கம் இல்லாததுனாலதான் இன்னைக்கு எம்பொண்ணு இந்த ஆஸ்பத்திரி மாடில படுத்திருக்குது, நான் கீழ உக்காந்திருக்கேன்.

ஆமாங்க, பிரசவந்தான். முந்தாநேத்து. பொம்பளைப் புள்ள. ரெண்டு உசிரும் நல்லா இருக்குதுன்னு ஊட்டுக்காரி சொல்லித்தான் தெரியும். நான் இன்னும் பாக்கலீங்க. பாக்க முடியாம இல்ல. லிப்டு இருக்குது, படி இருக்குது, காலும் நல்லாத்தான் இருக்குது. மொறைன்னு ஒண்ணு இருக்குதில்லீங்களா?

நமக்குக் காங்கயம் பக்கமுங்க. பேரு நாச்சிமுத்து. ரோட்டு மேலயே எடை மேடை வெச்சிருக்கேன். லாரியை ஏத்தி நிறுத்தினா சரக்கு எத்தனை டன்னுன்னு சீட்டுக் குடுப்பாங்கல்ல, அது. அரிசி ஆலைக்காரங்க பூராம் நம்மகிட்டத்தான் வருவாங்க. எடைன்னா எடை. கூடவும் சொல்ல மாட்டேன், கொறைச்சும் சொல்ல மாட்டேன். மனுசங்ககிட்டப் பேசறதும் அப்படித்தான், உள்ளதை உள்ளபடி சொல்லிப்போடுவேன். அது சில பேருக்கு ஆவறதில்ல. அதுக்கு நான் என்ன பண்ணட்டும்?

மத்தபடி எனக்கு ஆரு கூடயும் சண்டையே கெடையாதுங்க. எங்க அண்ணன் எங்கூடப் பேசறதில்ல, அது வேற விசயம். பக்கத்துத் தோட்டத்துக்காரரு நான் வர்றது தெரிஞ்சா வரப்பு மாறிப் போயிருவாரு, அது அவரு கொணம். கோயல் கமிட்டில இருந்து என்னை எடுத்துட்டாங்க, அதுல அரசியல் இருக்குது. நானாப் போயி ஆருகிட்டயும் வம்பு வளத்தது கெடையாது. காப்பி ஆறுது பாருங்க, குடிங்க.

இத்தனைக்கும் மூலம் இதுதாங்க, இந்தக் கத்தி. பயப்படாதீங்க, மடக்குக் கத்திதான், விரிக்க மாட்டேன். ஆஸ்பத்திரில விரிக்கக் கூடாதுன்னு எனக்குத் தெரியாதா? இந்தப் பக்கம் நீளமா ஒரு தகடு இருக்குது பாருங்க, பேனா மூடில இருக்கற மாதிரி. இதுதான் கிளிப்பு. கத்தி பாக்கெட்டுக்கு உள்ள போயிரும், இது மட்டும் வெளிய நிக்கும். பாக்கறவங்களுக்குக் கத்தி தெரியாது, கிளிப்பு தெரியும். வெச்சிருக்கறவன் சாதாரண ஆளில்லன்னு அதுலயே தெரிஞ்சுரும். ஆகக்கூடிக் கத்தியை விடக் கிளிப்புதான் முக்கியமுங்க. அதை எங்க வீட்டுல ஒருத்தருக்கும் புரிய வெக்க முடியல.

இது நான் வாங்கினது இல்ல, மாப்பிள்ளை குடுத்தது. மாப்பிள்ளை பேரு நவநீதன். இதே ஈரோட்டுலதான் மிஷின் கம்பெனில பெரிய வேலை. கம்பெனி வேலையா ஜெர்மனி போனப்ப வாங்கியிருக்காரு. தலைத் தீவாளிக்கு எங்கூட்டுக்கு வந்தப்ப, பட்டாசு பண்டலு கட்டின சணலை அறுக்கறதுக்கு ஆளாளுக்கு அருவாமனையத் தேடிட்டு இருந்தோம். இவரு பாக்கெட்டுல இருந்து இதை உருவி ஒத்தைக் கைல டக்குன்னு விரிச்சு, சணல் மேல வெச்சாரு, அறுந்துருச்சு. நான் கேக்கலீங்க. கேக்கற பழக்கம் நமக்குக் கெடையாது. "நல்ல கத்தியா இருக்குதே மாப்ளே"ன்னு மட்டும் சொன்னேன். காலைல ஒருக்கா சொன்னேன், சோறு திங்கறப்ப ஒருக்கா சொன்னேன், பொழுதோட கோயலுக்குப் போறப்ப ஒருக்கா சொன்னேன். அடுத்த நாளு கெளம்பறப்ப அவரா "மாமா, நீங்களே வெச்சுக்கங்க"ன்னுட்டாரு. அவராக் குடுத்தது.

கையில நீட்டினாரு. நான் வாங்கல. கத்தியக் கைக்குக் கை வாங்கினா சண்டை வந்துரும்னு உங்களுக்குத் தெரியாததா? உப்பு, ஊசி, கத்தி இதெல்லாம் கீழ வெச்சுத்தான் எடுக்கோணும். "வெய்யுங்க மாப்ளே"ன்னேன். மேசை மேல வெச்சாரு, நான் எடுத்துக்கிட்டேன். அந்த விசயத்துல நான் ரொம்பக் கறாருங்க. எனக்கு உறவு முக்கியம்.

அதுக்கப்பறம் இது இல்லாம நான் வெளிய கெளம்பினதில்ல. சட்டைப் பாக்கெட்டுல பேனா வெக்கற எடத்துல மாட்டிக்குவேன். மேடைக்கு வர்ற டிரைவருங்க "அண்ணா, அதென்னங்க?"ன்னு கேப்பாங்க. சில பேரு கேக்க மாட்டாங்க. அவங்க வர்றப்ப எதையாவது அறுப்பேன். நூலு, சாக்கு, காயிதம், எது கெடைக்குதோ அது. சீட்டுப் புஸ்தகத்துல சீட்டை எல்லாரும் கையில கிழிப்பாங்க, நான் கத்தில அறுத்துக் குடுப்பேன். வரிசைல நிக்கற லாரிக்காரனுக்குப் பொறுமை இருக்காது, ஆரன் அடிப்பான். அடிச்சுட்டுப் போகட்டும். எங்க மேடைக்கு ஒரு மதிப்பு வந்துச்சுங்க.

எம்பொண்ணு பேரு மேகலா. ஒத்தைப் பொண்ணு. ஏழாம் மாசம் கட்டுச்சோத்து விருந்து வெச்சோம். உங்க பக்கமும் அந்த வழக்கம் உண்டில்ல? நாங்க வகை வகையாச் சோறு கட்டிட்டு சம்பந்தி வீட்டுக்குப் போயி, வந்த ஒறம்பரை, சொந்தபந்தத்துக்கெல்லாம் விருந்து வெச்சு, பொண்ணுக்கு வளையல் போட்டு, கையோட எங்கூட்டுக்குக் கூட்டியாறோணும். தலைப் பிரசவம் அம்மா வீட்டுலதான ஆகோணும். ரூம்புக்கு வெள்ளையடிச்சு வெச்சிருந்தேனுங்க. சன்னலுக்குக் கொசுவலை அடிச்சிருந்தேன். விட்டத்துல தொட்டில் கொக்கி ஆடுது ஆடுதுன்னு நானே ஏணி போட்டு ஏறி, தொங்கிப் பாத்து முறுக்கி விட்டேன். காருல வர்றப்பக் குலுங்கக் கூடாதுன்னு பின் சீட்டுல ரெண்டு தலகாணி. எல்லாம் பாத்துப் பாத்துத்தான் செஞ்சேன்.

அங்க விருந்தெல்லாம் நல்லாத்தான் நடந்துச்சு. சம்பந்தியோட பங்காளி ஒருத்தரு, பேரு வாயில வர மாட்டேங்குது, எம்பாக்கெட்டையே பாத்துட்டு இருந்தாரு. அப்பறம் "அதென்னங்க பேனாவா?"ன்னு கேட்டாரு. நானும் எடுத்துக் காட்டினேன். "குடுங்க, பாக்கலாம்"னு கைய நீட்டினாரு. நல்ல காரியம் நடக்கற வீட்டுல கத்தியக் கைக்குக் கை குடுக்கலாமுங்களா? ரெண்டு குடும்பத்துக்கும் நடுவுல ஏதாச்சும் ஆயிப்போச்சுன்னா? "இருங்க, வெக்கறேன், எடுத்துக்கங்க"ன்னு பக்கத்துல இருந்த சோபா மேல வெச்சேன். அவரு எடுக்கறதுக்குள்ள ஆரோ பாயசம் கொண்டாந்து நீட்ட, அவரு அந்தப் பக்கம் திரும்பிட்டாரு. கத்தி சறுக்கித் திண்டுக்கும் கட்டைக்கும் நடுவுல போயி நின்னுக்கிச்சு. கிளிப்பு கட்டை விளிம்புல மாட்டிக்கிச்சு.

அந்த நேரத்துல சம்பந்தி வர்றாரு. சென்னியப்பன்னு பேரு, ஜமுக்காளக் கடை வெச்சிருக்காரு. அதிர்ந்து பேச மாட்டாரு. காலைல இருந்து நின்னுட்டே இருந்தாருபோல. வந்தாரு, அப்பாடான்னு உக்காந்தாரு. திரும்பிப் பாக்கலீங்க. உக்காந்ததும் எனக்குக் கேட்டுச்சு பாருங்க ஒரு சத்தம், அது இன்னும் காதுலயே இருக்குது. அவரே அடியில கையை விட்டுக் கத்திய எடுத்தாரு, பாத்தா கிளிப்பு வாயப் பொளந்துட்டு நிக்குது.

எனக்குக் கோவம் வரலீங்க. வேற ஆளா இருந்தா என்னென்னவோ பேசியிருப்பான். நான் தமாசாத்தான் ஒண்ணு சொன்னேன். "ஏனுங்க சம்பந்தி, உக்காரதுக்கு முன்னால நம்ம மேடைக்கு வந்து ஒரு எடை போட்டுட்டு வந்திருக்கலாமுல்ல? நெல்லு லாரி ஏறி நின்னும் வளையாத இரும்பெல்லாம் பாத்திருக்கேன், ஜெர்மன்காரன் இரும்பையே வளைச்சுப்போட்டீங்களே." இவ்வளவுதான். எடை மேடைக்காரன் எடையப் பத்தித்தான பேசுவான்? வந்த சனமெல்லாம் சிரிச்சுது. பாயசம் குடிச்சுட்டு இருந்தவருக்குப் பொறையேறிப்போச்சு. நல்ல தமாசு இல்லைன்னா சிரிப்பாங்களா?

அவரு மட்டும் சிரிக்கல. கையில இருந்த கத்திய சோபா மேல வெச்சாரு. வயித்துப் பக்கம் ஏறியிருந்த சட்டையக் கீழ இழுத்து விட்டுக்கிட்டாரு. எந்திரிச்சு உள்ள போயிட்டாரு. பந்திக்கும் வரல.

அவருக்கு ஏதோ மூச்சுக்கோளாறுக்கு மாத்திரை குடுத்து, அதுல உடம்பு ஊதிப்போச்சுங்களாமா. அது எனக்கு எப்படித் தெரியும்? செரி, தெரியும். மேகலா ரெண்டு மூணு தடவை போன்ல சொல்லியிருக்குது, "மாமா ஆளே மாறிட்டாருப்பா, கண்ணாடி பாக்கறதையே விட்டுட்டாரு"ன்னு. ஆனா கிளிப்பு வளஞ்சு நிக்கற நேரத்துல அதெல்லாம் ஞாபகத்துக்கு வரோணுமில்ல?

கெளம்பற நேரம். பாத்திரமெல்லாம் காருல ஏத்தியாச்சு. மேகலா எங்கிட்ட வந்து மெதுவாச் சொல்லுது, "அப்பா, பையெல்லாம் எடுத்து வெச்சுட்டேன். மாமாகிட்டப் போயி ஒரு வார்த்தை சொல்லிட்டு வாங்க, போலாம்."

"என்ன வார்த்தை கண்ணு?"

"நீங்க பேசினது தப்புன்னு ஒரு வார்த்தை."

நான் கேட்டேன், வளஞ்சது ஆரோட கிளிப்பு? என்னுது. உக்காந்தது ஆரு? அவரு. அப்ப வார்த்தை எந்தப் பக்கமிருந்து எந்தப் பக்கம் வரோணும்? கணக்கு சரிதானுங்களே? எம்பொண்ணு காலேஜெல்லாம் படிச்ச புள்ள, அதுக்கு இந்தக் கணக்கு வரல. "அப்ப நான் வரலீங்கப்பா"ன்னு சொல்லிட்டு, போட்ட வளையலோட கட்டில்ல போயி உக்காந்துக்கிச்சு. மாப்பிள்ளை வாசல்லயே நின்னுக்கிட்டாரு. சம்பூர்ணம், அதுதான் எங்கூட்டுக்காரி, அழுதுட்டே கார்ல ஏறினா. பின் சீட்டுல தலகாணி மட்டும் வந்துச்சுங்க. அந்த ரூம்புல இன்னைக்கு வரைக்கும் ஆரும் படுக்கல.

செரி, நடந்தது நடந்துபோச்சு. இதுக்கெல்லாம் மூலம் எது? கிளிப்பு. அது நிமிந்துருச்சுன்னா அப்பறம் பிரச்சனையே இல்லை. வளையாத கிளிப்புக்கு ஆரு ஆரு மேல வருத்தப்படறது? அதனால அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன், கிளிப்பை நிமித்திக்கிட்டு சம்பந்தி வீட்டுக்குப் போறது, "பாருங்க சம்பந்தி, ஒண்ணும் ஆகல, உங்களை நான் மன்னிச்சுட்டேன்"னு பெருந்தன்மையாச் சொல்றது, பொண்ணைக் கூட்டிட்டு வர்றது. சம்பூர்ணத்துகிட்டச் சொன்னேன். அவ தலையில அடிச்சுக்கிட்டா. கிளிப்பை விட்டுத் தொலைங்க, அந்த மனுசன்கிட்டப் போயிப் பேசுங்கன்னா. அவளுக்கு எதையும் மூலத்துல புடிச்சு யோசிக்க வராது.

ஆனா நெனச்ச மாதிரி சுளுவா இல்லீங்க அந்த வேலை. மொதல்ல ஆணி. சின்னச் சின்ன ஆணி, தலையில நச்சத்திரம் மாதிரி குழி. நம்ம திருப்புளி எதுவும் அதுல பொருந்தல. செல்போன் ரிப்பேர் கடையில ஒரு பையன்கிட்ட அந்தத் திருப்புளி இருந்துச்சு, கழட்டிக் குடுத்தான். கழட்டின கிளிப்பை மேடைக்குக் கொண்டுவந்து கல்லு மேல வெச்சுச் சுத்தியல்ல ஒரு போடு போட்டேன். அந்தப் பக்கம் வளஞ்சிருந்தது இந்தப் பக்கம் வளஞ்சுக்கிச்சு. திருப்பி வெச்சு இன்னொரு போடு. நடுவுல ஒரு பள்ளம்.

லேத்துப் பட்டறைக்கு எடுத்துட்டுப் போனேன். தங்கராசுன்னு நமக்குத் தெரிஞ்ச பையன். திருப்பித் திருப்பிப் பாத்துட்டு, "இது சுருள்வில்லுக்குப் போடற எஃகுண்ணா, அடிச்சா வேலைக்காவாது. பேசாம கிளிப்பு இல்லாமயே பாக்கெட்டுக்குள்ள போட்டுக்கங்களே"ங்கறான். எனக்கு வந்துச்சு பாருங்க ஒரு ஆத்திரம். உள்ள போட்டுக்கறதுக்கு எதுக்குடா ஜெர்மனிக் கத்தி, வாழைக்காய் சீவற கத்தி போதாதான்னு கேட்டுட்டு, வெடுக்குனு புடுங்கிட்டு வந்துட்டேன். புடுங்கலீங்க, அவன் மேசை மேல வெச்சான், எடுத்துக்கிட்டேன்.

அடுத்து நகைக்கடை ஆசாரி. அவரு நெருப்புல காட்டி, சின்னக் குறட்டுல நீவி நீவி, தாலில வேலை செய்யற மாதிரி செஞ்சு குடுத்தாரு. அத்தனை அழகா நிமிந்துச்சு. பள்ளமே தெரியல. வந்த சந்தோசத்துல மாட்டிக்கிட்டு, மேடையில ஒரு போல்ட்டு லூசா இருக்குதான்னு குனிஞ்சு பாத்தேன். நெருப்புல காட்டினதுல அதோட விறைப்புப் போயிருந்திருக்குது, புடிமானமே இல்ல. கத்தி நழுவி மேடை இடுக்கு வழியாக் கீழ குழிக்குள்ள விழுந்துருச்சு. குழில மழைத் தண்ணி. மேடையை மூடிப்போட்டுத் தண்ணிய எறைச்சேன். காங்கயம் ரோட்டுல லாரி நிக்குது நிக்குது, அப்படி நிக்குது. ஆலைக்காரங்க போன் பண்ணிக் கத்தறாங்க. போலீஸ்காரரு ஒருத்தரு வந்து என்னங்க விசயம்னு கேட்டாரு. குடும்ப விசயமுங்கன்னு சொன்னேன். பொய்யில்லையே?

சிரிக்கறீங்க. சிரிங்க. அன்னைக்கு அந்தச் சேத்துல கையை விட்டுத் துழாவறப்ப எனக்குச் சிரிப்பு வரலீங்க. இது கெடைக்காமப் போச்சுன்னா நான் எதை எடுத்துட்டுப் பொண்ணைப் பாக்கப் போறதுன்னு ஒரு பயம் வந்துருச்சு. நெசமாவே கண்ணுல தண்ணி வந்துருச்சுங்க. சேறு தெறிச்சதுன்னு சொல்லிச் சமாளிச்சேன். ஒரு வழியாக் கத்தி கெடைச்சுது, ஆனா கிளிப்பு மறுபடி வளஞ்சுபோயிருந்துச்சு.

நடுவுல மேகலா போன் பண்ணும். நல்லா இருக்கீங்களாப்பா, சாப்பிட்டீங்களாப்பா, எப்பப்பா வர்றீங்கன்னு கேக்கும். கிளிப்பு வேலை நடந்துட்டு இருக்குது கண்ணு, முடிஞ்சதும் வந்தர்றேன்னு சொல்லுவேன். மொதல்லயெல்லாம் செரிப்பான்னு சொல்லிட்டு வெச்சுரும். ஒரு நாளு சொல்லுச்சு, "அப்பா, எனக்கு ஒம்பதாம் மாசம். படுத்தா எந்திரிக்க முடியல. நீங்க ஒரு தகட்டைப் பத்திப் பேசிட்டு இருக்கீங்க." போனை வெச்சுருச்சு. தகடுங்குது. கிளிப்புக்கும் தகட்டுக்கும் வித்தியாசம் தெரியாம வளத்துட்டேன்.

கடைசில தங்கராசுகிட்டயே போனேன். அவன்தான் போன் பண்ணி, அண்ணா கொண்டு வாங்க, என்னமோ பண்ணித் தொலைக்கறேன்னான். சம்பூர்ணம் அவன்கிட்ட ஏதோ சொல்லியிருப்பாபோல, எனக்குத் தெரியாதுன்னு நெனச்சுட்டு இருக்கறாங்க. போன விறைப்பு திரும்பி வரோணும்னு கிளிப்பைப் பழுக்கக் காய்ச்சி எண்ணெயில விட்டான். அப்பறம் எளஞ்சூடு காட்டினான். ரெண்டு மரக்கட்டைக்கு நடுவுல குடுத்து வைஸுன்னு அந்த இரும்பு இடுக்கியைக் கொஞ்சங் கொஞ்சமாத் திருகினான். நான் பக்கத்துல நின்னு சொல்லிட்டே இருந்தேன், போதும், இன்னுங் கொஞ்சம், போதும்னு. ஆகக்கூடி நிமித்தினது நான்தானுங்க, திருகினது மட்டும் அவன்.

பாருங்க. விரல்ல தடவிப் பாருங்க. எங்கயாச்சும் தட்டுதா? என்ன, முன்னைக்கு இப்பப் புடி கொஞ்சம் எச்சு. மாட்டினா எடுக்கறதுக்குள்ள துணி கிழிஞ்சுருது. இந்தப் பாக்கெட்டு ஓரத்துல தையல் போட்டிருக்கறது அதுனாலதான். நல்ல சட்டையெல்லாம் இப்படித்தான் போச்சு. அதுக்கென்ன, கெட்டியா நிக்குதில்ல?

இந்த வேலை முடிஞ்ச அன்னைக்கே மாப்பிள்ளை வீட்டுல இருந்து போன், மேகலாவுக்கு வலி எடுத்துருச்சு, ஆஸ்பத்திரிக்குப் போறோம்னு. சம்பூர்ணம் அப்பவே பஸ்ஸேறி வந்துட்டா, எங்கிட்டச் சொல்லக்கூட இல்ல. நான் இன்னைக்குக் காலைல வந்தேன். வந்ததுல இருந்து இங்கதான் உக்காந்திருக்கேன். சம்பூர்ணம் பிளாஸ்கை எடுத்துக்கிட்டு ரெண்டு தடவை கீழ வந்தா. ரெண்டு தடவையும், வந்து புள்ளையப் பாருங்கன்னா. நான் சொல்லிப்போட்டேன், சம்பந்தி வந்து மொறையாக் கூப்புடட்டும், நான் அவரை மன்னிச்சர்றேன், அப்பறம் ரெண்டு பேரும் ஒட்டுக்காப் போயிப் பாக்கலாம்னு. அவரு இல்லாம நான் போயி நின்னா என்ன அர்த்தம்? தப்பு எம்மேலன்னு ஆயிராதா?

நீங்க அந்த மிஷின்ல காப்பி புடிச்சுட்டு இருந்தீங்கல்ல, அப்ப எம்முன்னால ஒருத்தரு வந்து நின்னாரே, நீலச் சட்டை, தாடி மழிக்காம. அவருதாங்க மாப்பிள்ளை. மூஞ்சியெல்லாம் தூக்கமில்லாமக் கெடந்துச்சு. "மாமா, மேல வாங்க. பாப்பா முழிச்சுட்டிருக்குது"ன்னாரு.

"உங்கப்பா மேல இருக்காருங்களா மாப்ளே?"

"இல்லீங் மாமா. நீங்க வந்திருக்கீங்கன்னு தெரிஞ்சதும் வீட்டுக்குப் போயிட்டாரு. அவரு இருந்தா உங்களுக்குச் சங்கடமா இருக்கும், நீங்க நிம்மதியாப் புள்ளையப் பாத்துட்டுப் போகட்டும்னு சொன்னாரு. அந்தப் பக்கப் படிலதான் எறங்கிப் போனாரு."

மன்னிக்கறதுக்குன்னு அத்தனை பாடுபட்டுத் தயாராயி வந்திருக்கேன், மனுசன் ஆளே இல்லாமப் போயிட்டாரு. நான் ஆரைப் போயி மன்னிக்கறது? இருந்தாலும் மாப்பிள்ளையாச்சும் பாக்கட்டும்னு கத்திய எடுத்து இந்த நாற்காலிக் கைப்பிடி மேல வெச்சேன். "பாருங்க மாப்ளே, நிமிந்துருச்சு."

எடுத்துப் பாத்தாரு. "என்னதுங் மாமா நிமிந்துருச்சு?"

"கிளிப்புங்க. அன்னைக்கு விருந்துல உங்கப்பா உக்காந்து வளஞ்சுதே."

"கத்தி வளஞ்சுதுங்களா? அப்பா அதைப் பத்தி ஒண்ணுமே சொல்லலீங்களே. எடை போட்டுட்டு வந்திருக்கலாம்னு நீங்க சொன்னீங்கன்னு மட்டும் பங்காளிங்க சொன்னாங்க."

கேட்டீங்களா? நான் போன்ல சொன்னதை மேகலாகூட அங்க சொல்லலபோல, அந்த வீட்டுல கிளிப்பைப் பத்திப் பேச்சே நடக்கலீங்களாமா. இத்தனை நாளா ஒருத்தரும் அதை நெனைக்கக்கூட இல்ல. நான் இங்க பட்டறை பட்டறையா அலைஞ்சிருக்கேன், மேடையை மூடியிருக்கேன், சேத்துல எறங்கியிருக்கேன். கிளிப்புல கோவமில்லைன்னா அப்பறம் எதுக்குங்க எம்பொண்ணை அனுப்பல? நீங்க வெளியாளு, நியாயமாச் சொல்லுங்க, வேற காரணம் என்ன இருக்குது?

ஏனுங்க, காப்பிக் கப்பையே பாத்துட்டு இருக்கீங்க?

செரி, விடுங்க. மாப்பிள்ளை மறுபடி கூப்புட்டாரு. நான் எந்திரிக்கல. கத்திய நாற்காலி மேல வெச்சுட்டு மேல போயிட்டாரு. இப்ப அந்த வாச்மேன் வேற, ஆறு மணிக்கு மேல ஆரும் போகக் கூடாதுன்னு சொல்லிட்டுப் போறான். ஆறாகப் போகுதுங்களா? உங்க கைல வாட்ச் இருக்குதே. ஆகப் போகுதில்ல.

எந்திரிக்கறீங்களா? இருங்க, ஒண்ணு கேக்கறேன். அப்பப் புடிச்சு நான் பாட்டுக்குப் பேசிட்டே இருக்கேன், உங்களுக்கு ஆருங்க இங்க? உங்க தங்கச்சியா? நல்லதுங்க, நல்லபடியா வீடு போயிச் சேரட்டும். எந்த மாடி? ரெண்டாவதா?

அப்ப எங்க புள்ளையும் அங்கதானுங்க, நடையில கடைசி ரூம்பு. கதவு பாதி தொறந்துதான் கெடக்குமாமா, காத்துக்கு. அந்தப் பக்கமாப் போற மாதிரி போயி, ஒருக்கா எட்டிப் பாத்துட்டு வாரீங்களா? நான் கேட்டேன்னு சொல்லிராதீங்க. எம்பொண்ணு தெம்பா உக்காந்திருக்குதான்னு பாருங்க. அப்பறம் அந்தப் புள்ள ஆரு சாயல்னு பாருங்க. எனக்குக் காது கொஞ்சம் மேல ஒசந்திருக்கும், மேகலாவுக்கும் அப்படித்தான். இதோ, நல்லாப் பாத்துக்கங்க என்னை. எங்க சாயலா இருந்தா வந்து ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போங்க, நான் இங்கயேதான் உக்காந்திருப்பேன்.

அவங்க சாயலா இருந்தாலும் பரவால்லீங்க. வந்து சொல்லுங்க.